பதினாலு நாள் நோட்டில் இல்லாதது

ராஜகீழ்ப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள மகள் ஜென்சிக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் அடிலெய்டில் குளிருக்கு முன்னாடியே கம்பளியெல்லாம் எடுத்து வைத்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், நான் சத்தம் போடுவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது அப்படியே போய்விடும். எழுதி முடித்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவாள், கடைசிப் பக்கம் வரை படித்த பிறகு கூப்பிடு. ஐந்தாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருக்கும், அதைத் திருத்தித் திரும்ப அனுப்பாதே. போன தடவை அனுப்பினாய்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதைத் தேடிக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போவாய். இரைப்பையைச் சின்னதாக்கின ஆபரேஷன் ஆகி இன்றோடு எட்டு வாரம். நூற்று முப்பத்தொரு கிலோவில் இருந்தவன் நூற்றுப் பத்துக்கு வந்துவிட்டேன். சர்க்கரைக்கு ஊசி நிறுத்தியாயிற்று, மாத்திரை ஒன்றுதான். முழங்கால் மாடிப்படியில் முன்னைப்போலக் கத்துவதில்லை. காலையில் ஒரு முட்டை, அதுவும் மசித்து, முடிக்க இருபது நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்ல வேண்டும், நான் மெல்லுகிறேன், அம்மா எதிரில் உட்கார்ந்து எண்ணுகிறாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் தண்ணீர் கூடாது. இந்த வெயிலில் அந்த அரைமணி எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தையே அந்த அரைமணிகளில்தான் எழுதுகிறேன், எழுந்து கேட் வரை போகிறேன், வருகிறேன், நாலு வரி எழுதுகிறேன். முதல் இரண்டு வாரம் இருமல் மருந்துக்குத் தருவார்களே ஒரு சின்ன மூடி, அதில்தான் தண்ணீர், அதில்தான் சூப். அதன் பிறகு மசித்த பருப்பு, மசித்த மீன். நீ அங்கே முதியோர் இல்லத்தில் பெரியவர்களுக்கு எல்லாவற்றையும் அரைத்து ஊட்டுகிறேன் என்று சொல்லும்போது நான் முகம் சுளித்திருக்கிறேன், இப்போது அதே கூழ் என் தட்டில். போன மாதம் அம்மா இல்லாத நேரம் ஒரு இட்லியை அவசரமாகச் சாப்பிட்டேன், நெஞ்சில் கல் மாதிரி நின்றது, வேர்த்துக் கொட்டி, பின்பக்கம் போய் வாந்தி எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. அறுநூறு பேருக்குச் சமைக்கிறவனை ஒரு இட்லி கவிழ்த்துவிட்டது. அம்மா இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் முதல் தடவை ஆபரேஷனுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும், மறந்திருக்க மாட்டாய். மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் மூன்று துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, ஈரல் கொழுத்து இரைப்பைமேல் படுத்திருக்கிறது, தூக்கினால் கிழிந்துவிடும் என்று அப்படியே தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் திரவ ஆகாரம் கொடுப்பதே அந்த ஈரல் சுருங்கத்தான், இவர் கடைப்பிடிக்கவில்லை என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும். நான் வாக்குக் கொடுத்தால் மாறுகிறவனா. அந்தப் பதினாலு நாளும் பவுடர் கரைத்த தண்ணீர், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், தெளிந்த சூப், இதைத் தவிர ஒரு பருக்கை சோறு தட்டில் போட்டுச் சாப்பிடவில்லை. வேளைக்கு வேளை நோட்டில் எழுதி வைத்தேன். நோட்டை டாக்டர் மேஜைமேல் போட்டேன், பாருங்கள் என்றேன். அன்று இரவு உன்னிடம், அந்த டயட் பெண் கொடுத்த தாளில்தான் ஏதோ கோளாறு என்று சொன்னேன். நீ கோபப்பட்டு ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டாய், தவறான உணவு முறை கொடுத்து என் அப்பாவை வீணாக மயக்கத்தில் படுக்கவைத்தார்கள் என்று. நீ எனக்காகச் செய்தாய், அதில் உன்மேல் குறை இல்லை.

போன செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போனேன். டயட் அறையில் வேறு ஒரு பெண் இருந்தாள். எனக்குத் தாள் கொடுத்த தமிழினி எங்கே என்று கேட்டதற்கு, கீழே கிச்சனில் இருக்கிறாள் என்றார்கள். அம்மா மருந்து வாங்க நின்றாள், நான் கீழே போனேன், ஆஸ்பத்திரிக் கிச்சன் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆசையும் இருந்தது, மறைப்பானேன். அங்கே தமிழினி தலையில் தொப்பி போட்டுக்கொண்டு, நோயாளிக்குப் போகிற தட்டுகளைப் பட்டியல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். உன் புகாருக்குப் பிறகு அவளை நோயாளிகளைப் பார்க்கவிடவில்லை, விசாரணை நடக்கிறது, இந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பார்களா என்று தெரியாது. இதெல்லாம் பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னது, அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும், சார், புரோட்டீன் அறுபது கிராம் வருதா என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு, உங்க நோட்ட ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன் சார், பதினாலு நாளும் கூட்டிக் கூட்டிப் பாக்கறேன், எங்க தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல என்றாள். உன்னைவிட மூன்று வயது குறைவாக இருக்கும். நான் படியேறி மேலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. தமிழினியைப் பார்த்ததை அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, அந்தப் பதினாலு நாள்ல எத்தனை கல்யாணம் சமைச்சீங்க என்று கேட்டாள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், லெந்து நாள் தொடங்கிவிட்டால் நம் ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் எல்லாம் அதற்கு முன் நெருக்கி வரும் என்று உனக்கே தெரியும். நாலு கல்யாணம், ஒரு வீடு பிரதிஷ்டை, ஒரு வெள்ளி விழா. அதற்கென்ன என்றேன். உப்பு பாத்தீங்கல்ல என்றாள். உப்புப் பார்ப்பது வேலை, சாப்பாடு இல்லை, முப்பத்தைந்து வருடமாக இது தெரியாமலா என்னோடு குடும்பம் நடத்தினாய் என்று கத்தினேன். அதற்கு அவள் கத்தவில்லை. வீட்ல ரெண்டு தோசைக்கு மேல தொடமாட்டேன்னு நீங்க எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க, அப்ப இந்த உடம்பு எங்கேந்து வந்துச்சு, சாராள் மூட்டை மூட்டையா ஆக்கிப் போடறான்னு சர்ச் முழுக்க என்னைத்தான் பேசுச்சு என்றாள். இத்தனை வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை, அளவும் பக்குவமும் நானே பார்த்துப் பார்த்துப் பிடித்தது. அதனால் இதையும் நானே அளந்து அம்மாவின் வாயை அடைக்கலாம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணம், அறுநூறு பேர். என்னோடு சமைக்கிற நம் கதிரேசனிடம் ஒரு காலித் தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்தேன். இப்போது ருசி பார்ப்பது அவன்தான், நான் நுனி நாக்கில் ஒரு சொட்டு வைத்துத் துப்பிவிடுகிறேன், அன்னத்தைத் துப்புவது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அதையும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று நான் என் பழைய பழக்கப்படி எப்போதெல்லாம் கரண்டியை எடுத்து இடது உள்ளங்கையில் ஊற்றுவேனோ, அப்போதெல்லாம் அதே அளவு அந்தத் தூக்கில் விழ வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்றேன். கதிரேசன் என்னை மேலும் கீழும் பார்த்து, இன்னாண்ணா, கத்தி வச்சது வயித்துலதானே என்று கேட்டான். செய்யடா என்றேன்.

பிரியாணிக்கு மசாலா வதங்கும்போது ஒரு தடவை, கறி போட்ட பிறகு ஒரு தடவை, கறி வெந்ததா என்று பார்க்க ஒவ்வொரு டேக்சா அண்டாவிலும் ஒரு துண்டு, அரிசி போடுமுன் தண்ணீரில் உப்பு, தம் உடைத்ததும் ஒரு பிடி சோறு, தால்ச்சா, கத்திரிக்காய், பிரெட் அல்வாவில் நெய் பிரிகிறதா என்று இரண்டு தடவை, சர்க்கரைக்கு ஒரு தடவை. பெண் வீட்டார் வந்து எப்படி இருக்கு மாஸ்டர் என்று கேட்டால் அவர்கள் முன்னால் ஒரு வாய், அது மரியாதை. பந்தி தொடங்குமுன் கதிரேசன் தூக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். இரண்டு லிட்டர் தூக்கு, முக்காலுக்கு மேல் நிறைந்திருந்தது, மேலே ஒரு விரல் உயரம் எண்ணெயும் நெய்யும். அதில் கறித் துண்டு மட்டும் பதினொன்று. கதிரேசன் குனிந்து பார்த்துவிட்டு, அண்ணா, நீ சாப்டாம வேல செய்யறன்னு நாங்கல்லாம் பாவப்பட்டுகினு கீறோம், இத்த ரெண்டு ஆளு துன்னலாம்போலக்கீதே என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அவர்களைத் திட்டவும் இல்லை. மூடியைப் போட்டு மூடினேன். பிப்ரவரியில் அந்தப் பதினாலு நாளில் ஆறு விசேஷம். ஆறு தூக்கு. இரண்டாவது தடவை லெந்து நாளில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன், அதே தாள், அதே பவுடர், ஈரல் சுருங்கிவிட்டது. டாக்டர், இந்தத் தடவை ஒழுங்காக இருந்தீர்கள் என்று சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இதோடு முடிந்தால் தெரியாமல் நடந்த தப்பு என்று நான் விட்டுவிடுவேன். இனி எழுதுவதை அம்மாவுக்கே நேற்றுத்தான் சொன்னேன். ஜனவரி கடைசியில் முதன்முதல் அந்தத் தாளைக் கொடுக்கும்போது தமிழினி என்னிடம் கேட்டாள். சார், நீங்க சமையல் மாஸ்டராச்சே, வேலை நேரத்துல வாயில போடுவீங்களா, அதையும் நோட்டில எழுதணும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. திருட்டுத்தனமாகத் தின்கிறவன் என்று நினைத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, எனக்குத் தொழில் சொல்லித்தர வராதேம்மா, நான் பந்தி முடியாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கிறவன் இல்லை என்றேன். அந்தப் பிள்ளை சாரி சார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். உன் மெயில் போன பிறகு ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து எனக்குப் போன் வந்தது, ருசி பார்ப்பதைப் பற்றி உங்களிடம் கேட்டதாகத் தமிழினி சொல்கிறார், கேட்டாரா என்றார்கள். ஞாபகம் இல்லை என்று சொன்னேன். எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் கேட்ட இடம், மேஜைமேல் இருந்த தாள், எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் ஆமாம் என்று சொன்னால் டாக்டர் சொன்னது சரி என்று ஆகிவிடும், அதனால் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மூன்று மாதமாகத் தட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று நான் ஷேர் ஆட்டோவில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆபீஸில் இருந்தவர் படித்துவிட்டு, ஃபைலில் வைக்கிறோம் சார், ஆனால் புகார் உங்கள் மகள் பெயரில் இருக்கிறது, அவர்தான் திரும்பப் பெற வேண்டும் என்றார். கீழே போய்த் தமிழினியையும் பார்த்தேன். நீ கேட்டது உண்மை, நான்தான் மறைத்தேன் என்றேன். அவள் கையில் இருந்த பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார் என்றாள். இந்தத் தடவை தலையைக் குனிந்துகொண்டது நான்.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. ஆபரேஷனே நீ பிடிவாதம் பிடித்ததால்தான், அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது, உடம்பு தேறியதால் அது மாறாது. ஆனால் இதைக் கேட்கிறேன். இந்த வாரத்துக்குள் அந்த மெயிலைத் திரும்பப் பெறு. ஞாயிற்றுக்கிழமை நீ கோபத்தில் கூப்பிடாமல் இருந்தாலும் இருந்துகொள், அதைத் தாங்கிக்கொள்கிறேன், முதலில் இதைச் செய்.

நீ நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கத்தை விடு. வீடியோவில் பார்க்கிறேன், பேசிக்கொண்டே சட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறாய், அது என்னிடமிருந்து வந்ததுதான். தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடு. கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதித்து, நீ ஊட்டுகிற அந்தப் பெரியவர்கள் வாயால் உனக்கு நன்மை வரச் செய்வாராக. அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. மெயிலில் டயட்டீஷியன் என்று எழுதாமல் தமிழினி என்று பெயரை எழுது. அப்பாவுக்கு விவரம் தெரியாது, வயதானவர், மறந்துவிட்டார் என்றெல்லாம் எனக்குப் பரிந்து எழுதிவிடாதே. அவள் கேட்டாள், என் அப்பா சொல்லவில்லை என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
தா. தயாளன்