உங்கள் கைக்கு மட்டும் அடங்கிய எடிட்டர்

மாப்பிள்ளைக்கு,

காலையிலிருந்து வீடெல்லாம் ஸ்பிரிட் வாசனை. கயல் பஞ்சில் தொட்டுத் தொட்டு உங்கள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பாதி எழுத்து தேய்ந்துபோய், எந்தக் கட்டை எதுவென்று தெரியாமல் இருக்குமே, அதேதான். எனக்கு அந்த வாசனை ஆஸ்பத்திரியைத்தான் கொண்டுவருகிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் நர்ஸ் வந்து, "உள்ள போயி மகளைப் பிடிச்சுக்கங்கம்மா" என்று சொன்னபோதும் இதே வாசனை. இருக்க முடியாமல் கொல்லைப் பக்கம் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்களிடம் நான் நேராகப் பேசியது கிடையாது. எங்கள் வீட்டில் மாமியார் மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் நின்று பேசுவதில்லை. என் அம்மா பேசியதில்லை, நானும் பேசவில்லை. நீங்கள் கூடத்தில் இருப்பீர்கள், நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்பேன், நடுவில் கயல். "ரசம் ஊத்தவான்னு கேளு" என்பேன். "போதும்னு அத்தைகிட்ட சொல்லு" என்பீர்கள். கதவுக்குப் பின்னால் நின்றாலும் என் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். உங்களுக்குக் கேட்காதா. இருந்தாலும் கயல் சொன்ன பிறகுதான் கேட்ட மாதிரி தலையாட்டுவீர்கள். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன டெலிபோன் கம்பியா?" என்று அவள் சலித்துக்கொள்வாள். நாளாக ஆக எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இப்போது இந்த மடலில்தான் முதல்முறையாக நேராகப் பேசுகிறேன்.

சென்னை வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டு, விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த வீட்டுக்கு நீங்கள் வந்தபோது ஊர் என்ன பேசியது என்று எனக்குத் தெரியும். யார் யார் பேசினார்கள் என்றும் தெரியும். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு நான் இன்றைக்கு வரைக்கும் போகவில்லை. உங்கள் கல்யாணப் பந்தியில் உங்கள் பெரியண்ணன் பாயசம் ஆறிப்போச்சு என்று முகத்தைச் சுளித்தாரே, அதையும் மறக்கவில்லை. அது கிடக்கட்டும். நீங்கள் ஜன்னலோரம் மேசையைப் போட்டு, திருச்சி கம்பெனி வேலையை இங்கிருந்தே பார்க்க ஆரம்பித்தீர்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் அந்த எடிட்டரைத்தான் நான் முதலில் பார்த்தேன். வேலை செய்வீர்கள் என்று பார்த்தால், வேலை செய்கிற இடத்தையே மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் கறுப்பு, மறுநாள் வேப்பிலைப் பச்சை, அதற்கடுத்த நாள் எழுத்தெல்லாம் பெரிசு. "மாப்பிள்ளை என்னதான் பண்றாருன்னு கேளு" என்றேன். நீங்கள் நாற்காலியைத் திருப்பாமலே சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"புரோகிராம் எழுதுற எடம்னு அத்தைகிட்ட சொல்லு. காசு கெடையாது. ஒலகத்துல எங்கெங்கயோ இருக்குறவங்க சேந்து எழுதி, எடுத்துக்கங்கன்னு வச்சிருக்காங்க. உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணும்னாலும் தெறந்து பாக்கலாம். பிடிக்கலன்னா நம்ம தோதுக்கு மாத்திக்கலாம்."

"சும்மா குடுக்குறவன் எதுக்குக் குடுக்குறான்னு கேளு."

"கோயில்ல அன்னதானம் போடுறவங்ககிட்ட அத்தை அப்படித்தான் கேப்பாங்களாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே காட்டவில்லை.

அதில் இருந்த நல்லதை நான் பார்க்காமல் இல்லை. உங்கள் வலது சுண்டுவிரல் சின்ன வயதில் கதவில் நசுங்கியதிலிருந்து மடங்காது. அந்த விரலுக்கு வேலை வராத மாதிரி எல்லாக் கட்டையையும் மாற்றி வைத்திருந்தீர்கள். விலை கொடுத்து வாங்கியதில் இவ்வளவு மாற்ற விடமாட்டார்கள், அவர்கள் வைத்ததுதான் சட்டம் என்று கயல் சொன்னாள். மழைக்காலத்தில் நெட் போய்விட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். யாரோ எழுதிப் போட்ட சின்னச் சின்னச் சாமான்களை எடுத்து மாட்டுவீர்கள். ஒன்று எழுத்தைத் திருத்தும், ஒன்று வரிசையை ஒழுங்கு பண்ணும், ஒன்று தப்பு இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு போடும். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு 'அத்தை' என்று பேர் வைத்திருக்கிறீர்கள் என்று கயல் வாய் தவறி உளறிய அன்றைக்கு உங்களுக்கு மீன் குழம்பில் வால் துண்டுதான் விழுந்தது. நீங்கள் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டீர்கள். எதற்கு என்று தெரிந்திருக்கும்.

கெட்டதும் கூடவே இருந்தது. மாட்டிய சாமான் அதிகமாக ஆக, அது திறப்பதற்குள் நான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடித்துவிடுவேன். அப்டேட் என்று ஒன்று வரும். வந்துவிட்டால் நேற்று ஓடியது இன்றைக்கு ஓடாது. நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கம்பெனி வேலை ஒரு பக்கம் கிடக்கும். "யாரு கெடுத்ததுன்னு கேளு, அவனைப் பிடிச்சு நாலு வார்த்தை கேக்கச் சொல்லு" என்பேன். "யாரும் கெடுக்கலன்னு சொல்லு" என்பீர்கள். கரண்ட் போனால் திட்டுவதற்கு ஆபீசு இருக்கிறது. பஸ் வராவிட்டால் டிப்போ இருக்கிறது. திட்டுவதற்கு ஆளே இல்லாத ஒரு பொருளை வீட்டுக்குள் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. அதை ஒருநாள் உடைத்துத்தான் போடவேண்டும் என்றுகூடச் சொன்னேன்.

நீங்கள் போன பிறகு கம்பெனிக்காரர் வந்தார். நல்ல மனுசர்தான். நீங்கள் பாதியில் விட்ட வேலையைக் கயல் முடித்துக் கொடுத்தால் உங்கள் இடத்தையே அவளுக்குத் தருவதாகச் சொன்னார். அவளும் அதே படிப்புத்தானே. பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். இது கிடைக்காவிட்டால் பேத்தியை என்னிடம் விட்டுவிட்டு அவள் சென்னைக்குப் போயாக வேண்டும். அப்பனை இழந்த பிள்ளை அம்மாவையும் வாரக் கடைசியில் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

உங்கள் மேசையில் போய் உட்கார்ந்தாள். ஒரு வரி கீழே இறங்குவதற்குக் கட்டையை அமுக்கினாள். வரியே காணாமல் போனது. சேமிக்க அமுக்கினால் வேறு எதுவோ திறந்தது. கடைசியாக வந்த அப்டேட்டில் பாதிச் சாமான் வேறு செத்துக் கிடந்தது. அதில் ஒரு சாமானை எழுதியவருக்கு இங்கிலீசில் எழுதிக் கேட்டுப் பார்த்தாள். எனக்கு முடியவில்லை, விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. எந்த ஊர் மனுசனோ. சும்மா செய்து செய்து அவனும் ஓய்ந்துபோயிருக்கிறான். அவனை நான் எப்படித் திட்டுவது.

நாள் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் மத்தியானம் கீபோர்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அவரு மாத்தி வச்ச எல்லாத்தையும் அழிச்சுட்டு, எடிட்டரை வெறுசா வச்சு ஆரம்பிக்கப் போறேம்மா."

"அதைத் தொடாத."

"ஒடைச்சுப் போடணும்னு நீதானம்மா சொன்ன?"

"அது அவரு இருந்தப்ப."

"அம்மா, இது அவரு கைக்கு அளவெடுத்துத் தச்சது. எனக்கு எந்தப் பக்கம் இழுத்தாலும் பத்தல. இதை வச்சுக் கும்புடணும்னா கும்புடலாம். வேலை பாக்க முடியாது. நான் இங்க இருக்கவா, சென்னைக்குப் போகவா? நீயே சொல்லு."

நான் தள்ளி நின்றுகொண்டேன். அழிப்பதற்கு நேரமே ஆகவில்லை மாப்பிள்ளை. நீங்கள் எத்தனை நாள் உட்கார்ந்து செதுக்கினீர்கள். வேப்பிலைப் பச்சை போய் யார் வீட்டுச் சுவரோ மாதிரி ஒரு சாம்பல் நிறம் வந்தது. கயல் எழுத ஆரம்பித்தாள். கட்டைகள் சொன்ன பேச்சைக் கேட்டன.

நேற்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. இடம் அவளுக்குத்தான். பேத்திக்கு இதே பள்ளிக்கூடம்தான். அதனால்தான் இன்றைக்கு அந்தக் கீபோர்டைப் பளிச்சென்று துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்குச் சந்தோசம்தான். ஆனால் நேற்றுச் சாயங்காலம் ஒன்று நடந்தது. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன். திரும்பாமலே சொன்னாள்: "இந்த ரெண்டு கட்டைய எனக்குத் தோதா மாத்திக்கிறேம்மா. இதை மட்டும் முடிச்சுட்டு வாரேன்."

கையில் இருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

நீங்கள் எனக்குக் கடைசியாகச் சொல்லி அனுப்பிய வார்த்தை அது. அந்த வாரம் முழுக்க இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தீர்கள். கதவுக்குப் பின்னாலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "டாக்டர்கிட்ட காட்டிட்டு வரச் சொல்லு" என்றேன். கயல் சொன்னாள். மறுபடி சொன்னேன். "அப்டேட்ல எல்லாம் கலைஞ்சு கெடக்கு. இதை மட்டும் சரிபண்ணிட்டுப் போறேன்னு அத்தைகிட்ட சொல்லு" என்றீர்கள். கம்பெனி வேலைகூட இல்லை அது. எழுதுகிற இடத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தீர்கள். விரல் ஒவ்வொன்றுக்கும் வசதி செய்து வைத்த மனுசனுக்கு நெஞ்சுக்கு ஒரு மத்தியானம் ஒதுக்க முடியவில்லை. முன்னாலேயே வந்திருந்தாலும் நீங்கள் பிழைத்திருப்பீர்கள் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். கயல் அதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் பட்டுக்கொள்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"எந்திரி."

"ரெண்டே நிமிசம்மா."

"எந்திரிடீ."

திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

இனிமேல் அவள் 'இதை மட்டும்' என்று சொல்லும்போதெல்லாம் நான் போய் நிற்பேன். முட்டி இரண்டும் விட்டுப்போய்விட்டது, நின்றால் நடுங்குகிறது. மனசும் ஓய்ந்துதான் கிடக்கிறது. உங்கள் மேல் இருக்கிற கோபம் மட்டும் குறையவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன் மாப்பிள்ளை.