இரட்டை விழுந்த எழுத்து

இன்று மாலை கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள். என் துப்பட்டாவில் கருகிய பெயின்ட் வாசனை. எனக்கு அது தெரிவதே இல்லை. நீ அத்திப்பட்டில் இறங்கும்வரை நம் இருவர் மேலும் அதே வாசனைதான். யாராவது நகர்ந்தால் தாராளமாக இடம் கிடைத்தது என்று சிரிப்போம். இன்று சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின்தெருவில் நம் பட்டறை. ரிட்டயர் ஆகிறவர்களுக்கு ஸ்டீல் கம்பெனிகள் கொடுக்கும் பேனாக்களில் நீ லேசரால் பெயின்ட்டைக் கருக்கிப் பெயர் பொறிப்பாய், நான் துடைத்துப் பெட்டியில் வைப்பேன். புகையை இழுக்கும் ஃபேனை ஓனர் அதே மேசையில் திருகியிருந்தார். அது ஓடினால் மேசை நடுங்கும். பெரிய எழுத்து தாங்கும், சின்ன எழுத்து இரட்டை விழும். அதனால் சின்ன எழுத்து வந்தால் ஃபேனை நிறுத்திவிடுவாய். புகை ஏறாமலிருக்க மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பேனா, மூச்சு விட்டுக்கொண்டு அடுத்தது. பேனாவில் வருவதெல்லாம் சின்ன எழுத்துதானே.

பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாளும் வைப்போம், எழுதுகோலின் வரலாறு என்று. எழுத்தாணியால் ஓலையில் கீறி, விளக்குக் கரியைத் தடவித் துடைத்தார்கள். பிறகு இறகு, இரும்பு நிப்பு, மைப்பேனா, பால்பாயின்ட். ஒரு நாள் சாப்பிடும்போது அதைப் படித்துவிட்டுச் சொன்னாய்: "எல்லாம் போட்டுக்கீறாங்க. அந்தக் கரிய எவ மூக்குல ஏத்திக்கினு வழிச்சான்னு போடலயே." எனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. நீ சிரிப்பின் நடுவில் இருமினாய். அந்த இருமல் பிறகு நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், விறகடுப்பு ஊதுவீர்களா என்று கேட்டார். கேஸ்தான் என்றாய். வேலையைச் சொன்னபோது, நல்ல சுத்தமான வேலைதானே என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வெளியே வந்ததும், இனி ஃபேனை நிறுத்தாதே என்று உன்னோடு சண்டை பிடித்தேன்.

"வாழ்க்கையில ஒரு தபாதான்டி ஒருத்தன் பேர பொறிக்கிறாங்கோ. அதையும் கலக்கியா குடுக்கச் சொல்ற?" என்றாய்.

ஃபேனைச் சுவருக்கு மாற்றித் தரும்படி இருவரும் ஓனரிடம் கேட்டோம். பார்க்கலாம் என்றார். மழைக்காலம் முடிவதற்குள் உன்னால் ஸ்டேஷன் படி ஏற முடியவில்லை. பொங்கலுக்கு நீ இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்கு இறந்தவர் பெயர் போட்ட டம்ளர் கொடுப்பது உங்கள் வீட்டு வழக்கம். உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்து, டம்ளர் வேண்டாம், பேனா கொடுக்கலாம், அவள் பெயரை நீதான் போட்டுத் தரவேண்டும் என்றார். உன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஓனர் எட்டிப் பார்த்து, ஃபேனை நிறுத்திக்கோம்மா என்றார். கெட்ட எண்ணமில்லை, பழக்கம். நான் நிறுத்தவில்லை. மேசை நடுங்க நடுங்க உன் பெயர் ஒவ்வொரு பேனாவிலும் இரட்டை விழுந்து வந்தது. நீ பார்த்திருந்தால் அத்தனையையும் குப்பையில் கொட்டியிருப்பாய்.

உன் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா, பேரு கலங்கிக் கீதே?"

"ஃபேன் ஓடுச்சுண்ணா" என்றேன்.

அவருக்கு எல்லாம் தெரியும். பேனாக்களைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தார்.

உன் மெஷினில் இப்போது நான்தான். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆர்டர் திரும்பி வந்தால் ஓனர் கத்துகிறார், கத்தட்டும். இந்த வேலையும் எத்தனை நாளோ தெரியாது. ஆனால் உன் பெயருக்கே அடக்காத மூச்சை இனி எவன் பெயருக்கும் அடக்கமாட்டேன்.