மாரியின் வலது கண்ணும் என் புது அயர்ன் செட்டும்

6.7, ஞாயிறு
காலையிலேயே புழுக்கம். கோல்ஃப் மைதானம். அடித்த பத்துப் பந்தில் ஏழு கோணல். இருபத்திரண்டு வருடமாக ஆடுகிற ஆள்! என் பையைத் தூக்கும் மாரிக்கும் என் வயதுதான், அறுபத்தொன்று. “இன்னா சார், பந்து மேல கோவமா? நீங்க ஒரு பக்கம் பாக்குறீங்க, அது ஒரு பக்கம் போவுது” என்று கேலி. பந்தைத் தேடப் போனவர் அதையே மிதித்துத் தடுமாறினார். இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. இருக்கிற வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது. வியாழக்கிழமை ஆபரேஷன், செய்வது நான்தான். “வேற டாக்டராண்ட போவ மாட்டேன் சார். உங்க கைய எத்தினி வர்சமா பாத்துகினு கீறேன்.”

7.7, திங்கள்
காபி சட்டையில். கமலா: “ஏன்னா, டபராவைப் பிடிக்கறச்சே கை நடுங்கறதே? சுகர் பாத்துண்டேளா?” தூக்கமில்லை என்றேன். பொய். நன்றாகத்தான் தூங்கினேன்.

மாலை தி.நகர். வாங்க: க்ளவ், சாக்ஸ், க.வுக்கு பிளவுஸ் லைனிங் (மறந்தேன்). பார்க்கிங் கிடைக்க அரை மணி.

கோல்ஃப் கடைக்காரர் என் பழைய மெல்லிய அயர்ன் மட்டையின் முகத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி அடிக்கச் சொன்னார். பந்து பட்ட இடத்தில் தடம் விழும். முன்பெல்லாம் எட்டணா அகலத்துக்குள் விழும். இன்று ஊரெல்லாம். “இது ரொம்ப நல்லா ஆடறவங்களுக்கு சார். இப்ப உங்களுக்கு ஃபர்கிவிங் அயர்ன்தான் சரி. முகம் பெரிசு. நடுவுல படாட்டியும் பந்து நேரா போகும். கையில அதிர்வே தெரியாது.” நம் தப்பை மட்டையே மன்னித்துவிடுமாம். ‘இப்ப உங்களுக்கு’ என்றது சுருக்கென்றது. வாங்கிவிட்டேன். புது மட்டையிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்.

9.7, புதன்
புது செட். பன்னிரண்டில் பதினொன்று நேர்! கோளாறு மட்டையில்தான், கையில் இல்லை. நாளைய கேஸை சுதாவிடம் கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். என்னிடம் படித்த பெண், இதே ஆஸ்பத்திரியில் சர்ஜன், நல்ல கை. இனித் தேவையில்லை.

மாரியிடம் கணக்கைச் சொன்னேன். “எனக்கு மங்கலாத்தான் தெர்து சார். கட்டு பிரிச்சதும் உங்க அடிய சரியா பாக்கறேன்.”

மாலை 6. புது மட்டையைத் துடைக்க எடுத்தேன். கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. இன்று அடித்த பன்னிரண்டின் தடங்களும் ஓரத்தில், நுனியில், அடியில். நடுவில் ஒன்றுகூட இல்லை. மட்டைதான் மன்னித்திருக்கிறது. சுதாவின் நம்பரை எடுத்தேன். ‘கை ஆடுகிறது’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதோடு நான் முடிந்தேன். போனை வைத்துவிட்டேன்.

10.7, வியாழன்
காலை 7.10, ஆஸ்பத்திரி. மூட்டம். காபி குடிக்கவில்லை. மாரி புதுச் சட்டையில் வந்திருக்கிறார். சொட்டு மருந்து போட்டாயிற்று. நர்ஸிடம் சொல்வது என் அறை வரை கேட்கிறது: “பயமா? இன்னாத்துக்கு? நேத்து பன்னெண்டுல பதினொண்ணு நேரா அட்ச்சாரு. அந்தக் கை இது.”

சுதா இப்போதுதான் என் கதவைத் தாண்டிப் போனாள். குட்மார்னிங் சொன்னாள். நானும் சொன்னேன், அவ்வளவுதான். கை கழுவக் கூப்பிடுகிறார்கள்.