சிரட்டையில் முடிந்த வழக்கு

ஆர்.எஸ்.புரத்தில் இன்று ஒரு காருக்குப் புது டயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் சூடேறிய ரப்பரின் வாடை மூக்கில் ஏறியதும் உம் முகம்தான் வந்தது. நீர் இறந்து ஓராண்டாகிறது. துக்கம் ஏதும் உடன் வரவில்லை.

சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் நாம். கோவையில் வக்கீலாக இருந்த உம்மை, மலாயாத் தோட்டங்களில் உழைக்கும் நம் மக்களின் நலன் காக்கும் ஏஜெண்டாக அரசு அனுப்பியது. அங்கே இந்தியரை உள்ளே விடாத வெள்ளையர் கிளப்பின் படியில் நின்று, "மனிதனை வாசலில் நிறுத்தும் சட்டம் சட்டமே அல்ல" என்றீர். பத்திரிகைகள் கொண்டாடின. நானும் நம்பினேன்.

நம்பியதால்தான், நீர் விடுப்பில் வந்திருந்தபோது, பல்லடத்தில் உம் தோட்டத்து வீட்டுக்கு மாரானை அழைத்து வந்தேன். மலாயாவில் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அடித்தே கொன்ற கூலியாளின் அண்ணன் அவர்; கப்பலேறி ஊர் திரும்பியிருந்தார். கண்ணால் கண்ட ஒரே சாட்சி. அவர் வாக்குமூலமின்றித் துரையைக் கூண்டில் ஏற்ற முடியாது என்று சொன்னவர் நீர்தான்.

எனக்கு நாற்காலி வந்தது. மாரான் மாட்டுத்தொழுவத்தருகே நிறுத்தப்பட்டார். உம் கேள்விகளில் குறையே இல்லை: எந்தக் கை, எந்தத் தடி, எவ்வளவு தூரம். தொண்டை வறண்டு அவர் தண்ணீர் கேட்டார். உம் ஆள் சிரட்டையில் கொண்டுவந்து நீட்டினான்.

"ஏனுங்க சாமி, வந்த கப்பல்ல வெள்ளக்காரனே டம்ளர்ல குடுத்தானுங்க."

நீர் சிரித்தீர். "இது கப்பல் இல்ல மாரா, ஊடு."

"ஒரு டம்ளர் கொண்டாரச் சொல்லுங்க" என்றேன் நான்.

"ஊர்க் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குதல்லங்க" என்றீர், என்னிடம் மிகுந்த மரியாதையோடு.

மாரான் சிரட்டையைத் தொடவில்லை. "அப்ப நான் வாரேனுங்க."

"சாட்சி சொல்லிப்போட்டுப் போ. அந்தத் தொரைய உட்டுப்போடலாமா?"

"ரெண்டு தொரைக்கு நடுவுல நானு எங்கீங்க நிக்கறது?"

போய்விட்டார். பிறகு நான் அவர் வீடு தேடிப் போய்க் கேட்டும் அவர் சாட்சி சொல்ல வரவில்லை. 'சாட்சி ஒத்துழைக்கவில்லை' என்று மேலிடத்துக்கு எழுதினீர். வழக்கு எழவே இல்லை. துரை இன்றும் அதே தோட்டத்தில் இருக்கிறான். உமக்குப் பதவி உயர்ந்தது; ரயிலடியில் மாலைகள் காத்திருந்தன.

அடிபட்டுச் செத்த அந்தத் தம்பியின் பெயர் சின்னான். எந்த நீதிமன்றத்திலும் அது ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை. உம் பெருமையை என்னிடம் பேச வருகிறவர்களைப் பேசவிடுகிறேன். அவர்கள் முடித்ததும் அந்தப் பெயரைச் சொல்கிறேன். யார் அது என்று கேட்கிறார்கள். உட்காரச் சொல்லி, முதலிலிருந்து தொடங்குகிறேன்.