ஆற்றில் குளித்த உழவு இயந்திரம்

அக்கா,

இன்று காலை கல்லடி வீட்டுக் கிணற்றுப் பம்பைக் கழற்றினார்கள். திருத்த வந்தவர் அடிமூடியைத் திறந்ததும் செங்கல்லைக் கரைத்தது போன்ற தண்ணீர் சீமெந்துத் தரையில் கொட்டியது. துருவும் உப்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், கையிலிருந்த தேநீரைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுக் குனிந்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். "ரீச்சர், என்ன வேலை இது?" என்று அந்த மனிதர் பதறிப்போனார். உப்புத்தான். அப்படிச் செய்த ஒருவரை நானும் என் வாழ்நாளில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது.

ஊரில் உங்களை வாய்க்காரி என்பார்கள். அது பிழை. வாய்க்காரிகள் நிறையப் பேசுவார்கள். நீங்கள் கொஞ்சமாகப் பேசி, மிச்சத்தைப் பார்வையால் முடிப்பவர். ஒருநாள் கண் குழிந்த மீனைக் கொண்டுவந்து, "இப்பதான் பிடிச்சது" என்று சத்தியம் செய்த மீன்காரரிடம் "இதுக்கு எப்ப முப்பத்தொண்டு?" என்று கேட்டீர்கள். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு மீனையும் சேர்த்த அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் எங்கள் ஒழுங்கைக்குள் வரவே இல்லை. நான் நேர்மாறு. வகுப்பில் ஒரே கணக்கை நாலு விதமாகச் சொல்லிக் கொடுப்பவள். எவரையும் நோகவிடாமல் எதையும் முடித்துவிடலாம் என்று நம்பியவள். இந்தக் கடிதம் அந்த நம்பிக்கையைப் பற்றியது.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்கு. ஆண்கள் வந்து சேர்பவர்கள். அம்மா எனக்குக் கல்லடி வீட்டையும் உங்களுக்குக் கிரானுக்கு அப்பால் இருந்த வயலையும் எழுதினார். அத்தான் தபால் கந்தோரில் வேலை பார்த்தார். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு பொட்டுச் சேறு படாமல் இருபது வருடம் அந்த வயலுக்குச் சொந்தக்காரியின் கணவனாக இருந்தார்; அதுவும் ஒரு திறமைதான். விதைப்பு, காவல், அறுவடை எல்லாவற்றையும் நீங்கள்தான் பார்த்தீர்கள்.

அந்த வயல் வட்டையிலே உழவு இயந்திரம் வைத்திருந்தவர் பெரிய வயற்காரரான ஒரு போடியார் மட்டும். முதல் மழைக்கு முன் புரட்டாதியில் உழுது விதைத்துவிட வேண்டும். பிந்தினால் மார்கழி வெள்ளம் இளம்பயிரை மூடிவிடும். அது தெரிந்துகொண்டே அவர் உங்களை நிற்க வைத்தார். குடையோடு அவருடைய வாசல் படலையில் நிற்பீர்கள். அவர் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமல், "நாளைக்கு மிசின் வரும் புள்ள" என்பார். அந்த நாளை பத்து நாள் கழித்து வரும். இரண்டு வருடம் தொடர்ந்து பாதிப் பயிர் தண்ணீரோடு போனது. இரண்டாவது வெள்ளம் வடிந்த அன்று வரம்பில் நின்று, "இனி அந்தப் படலையில நான் நிக்கமாட்டன்" என்றீர்கள். சொந்தமாக ஒரு இயந்திரம் வாங்க வேண்டும், தேற்றாத்தீவுத் தென்னங்காணியை விற்றாவது.

ஆனால் எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் எளிதாக வராத காலம். புதியது நம்மைப் போன்றவர்களுக்குக் கனவிலும் கிடையாது. அப்போதுதான் போடியார் தன்னுடைய பழைய இயந்திரத்தை விற்கப்போகிறார் என்று கதை வந்தது. ஐம்பதுகளில் வாங்கியது. நாலு வருடமாக வாவிக் கரையில், அவருடைய வாடிக் குடிசைக்குப் பக்கத்தில் கிடந்தது. கடைசியில் அவரிடமே போக வேண்டியிருக்கிறதே என்று நான் சங்கடப்பட்டேன். "கெஞ்சப் போகல்ல. சாமான் பாக்கப் போறம்" என்றீர்கள். டவுனிலிருந்து மிசின் திருத்தும் அந்தோனி பாஸைக் கூட்டிக்கொண்டீர்கள். பேருந்து எஞ்சின்களோடு வளர்ந்த கைகள் அவருக்கு. என்னைக் கூட்டிப் போனது இயந்திரத்தின் ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்க.

முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சில்லுகளுக்கு மேலிருந்த தகடுகளுக்கு முதல்நாள்தான் சிவப்பு வர்ணம் பூசியிருந்தார்கள். துருவைக்கூடச் சுரண்டாமல் அதன் மேலேயே. வர்ணத்தில் இரண்டு எறும்புகள் ஒட்டிச் செத்திருந்தன. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் சிலர் கொப்பிக்கு மட்டும் புது உறை போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்காவது ஒன்பது வயது.

போடியார் வாடிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ட்ரைவர் கணபதி.

"நல்ல சாமான் புள்ள. உங்களுக்கெண்டபடியாத்தான் குடுக்கிறன்" என்றார் போடியார்.

நீங்கள் வர்ணத்தை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். விரல் சிவந்தது. "கலியாணப் பொம்புள மாதிரி இருக்கு" என்றீர்கள். அவர் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

அந்தோனி பாஸ் வேலையைத் தொடங்கினார். பின்சில்லை ஜாக்கி வைத்து உயர்த்திச் சுற்றிப் பார்த்தார். கியர்ப் பெட்டியின் ஆணியைக் கழற்றி எண்ணெயை உள்ளங்கையில் விட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். முன்னால் வந்து கைபிடியைப் போட்டுச் சுற்றியபோது எஞ்சின் அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது. அவருடைய முகம் மாறியது.

நீங்கள் கணபதியின் பக்கம் திரும்பி, இனிமையான குரலில் கேட்டீர்கள். அந்தக் குரல் எனக்குப் பயம். "இதை நல்லாப் பாத்திருக்கீங்க போல, கணபதியண்ணன்?"

"என்ன அக்கா அப்படிக் கேக்கிறீங்க? எரும மாட்ட விட நல்லாப் பாத்தன்! பின்னேரம் உழவு முடிஞ்சா நேரா ஆத்துக்குத்தான். சில்லு மறையிற அளவுக்கு இறக்கி, வைக்கலால தேச்சுக் குளிப்பாட்டித்தான் கரையேத்துவன். ஒருநாள் தவறினதில்ல."

"ஓம் ஓம்" என்றார் போடியார் பெருமையாக. "பிள்ளை மாதிரிப் பாத்தான்."

"ரேடியேற்றருக்குத் தண்ணி?"

"அதுவும் ஆத்துத் தண்ணிதான். பக்கத்தில இவ்வளவு தண்ணி கிடக்கேக்க கிணத்தில ஆர் அள்ளுற?"

எங்களுக்கு வாவி எப்போதும் ஆறுதான். ஆனால் அந்த ஆறு கடலோடு கலக்கிறது. எருமை உப்புத் தண்ணீரில் படுத்தெழும்பிச் சுகமாக வீடு போகும். இரும்பு போகாது. நான் உங்கள் காதில், மூன்று போத்தலில் மூன்று ஆணி போட்டு வைக்கும் பாடத்தைச் சொல்லத் தொடங்கினேன். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் எண்ணெய் என்று. "உன்ட ஆணியப் பிறகு பாப்பம்" என்றீர்கள்.

அந்தோனி பாஸ் ரேடியேற்றரின் அடிக் குழாயைத் திறந்தார். சிவந்த குழம்பு சொட்டியது. நீங்கள் குனிந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, போடியாரின் செருப்புக்கு ஒரு முழம் தள்ளித் துப்பினீர்கள்.

"போடியார், இதுக்குப் புளி மட்டும்தான் போட இல்ல" என்றீர்கள்.

அந்தோனி பாஸ் உங்களையும் என்னையும் ஒருபக்கமாகக் கூப்பிட்டார். "எஞ்சினத் திறக்க வேணும். உள்ளுக்க உப்புத் திண்டிருக்கு. ஆனா அக்கா, பின்பாதி தங்கம். கியர்ப் பெட்டியில ஒரு குறையும் இல்ல. கொழும்பில பழைய எஞ்சின் ஒண்டு தேடிப் பிடிச்சனெண்டா, இது இன்னும் பத்து வருசம் உழும். நியாயமான விலைக்குத் தந்தா வாங்குங்க."

உங்களுடைய கண்கள் அப்போது எப்படி மின்னின என்று உங்களுக்குத் தெரியாது. சுற்றிவந்து, அந்த அசிங்கமான சிவப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தீர்கள். இனி எவருடைய படலையிலும் நிற்க வேண்டாம் என்பது அந்தக் கையில் தெரிந்தது. பிறகு போடியாரிடம் போய், "சரி, விலையப் பேசுவம்" என்றீர்கள்.

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "விலை பேசுறத ஆம்பிளையளோட பேசுவம் புள்ள. மாப்பிள்ளைய ஒருக்கா வரச்சொல்லுங்க."

காரியம் கெட்டுவிடுமே என்ற அவசரத்தில் நான் முந்திக்கொண்டேன். பொறுமைசாலி அல்லவா? எவரையும் நோகவிடாதவள் அல்லவா? "ஓம் போடியார், நாளைக்கு அத்தானைக் கூட்டிட்டு வாறம்" என்றேன்.

நீங்கள் உடனே அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தீர்கள். கண் குழிந்த மீனைப் பார்த்த பார்வை அல்ல அது. மீனிடம் நீங்கள் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

பிறகு அவரிடம் திரும்பினீர்கள். "காணி எண்ட பேரில, போடியார். எண்ட அம்மா தந்தது. உங்கட காணி ஆர்ர பேரில? பெரியம்மாவக் கூப்பிடுங்க. நானும் அவவும் விலை பேசுறம். நீங்க மாப்பிள்ளையோட இருந்து வெத்தில போடுங்க."

அந்த வட்டையில் எல்லோருக்கும் தெரிந்த, எவரும் வாய்விட்டுச் சொல்லாத விடயம் அது. போடியாரின் அவ்வளவு வயலும் அவருடைய மனைவி கொண்டுவந்தது. அவரும் எங்கள் அத்தானைப் போல வந்து சேர்ந்தவர்தான். கணபதி கிளுக்கென்று சிரித்துவிட்டு, தொண்டையைச் செருமினான். அந்தோனி பாஸ் சாவிகளைத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார்.

"மிசின் விக்கிறல்ல" என்றார் போடியார்.

"வர்ணம் காயட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள்.

வரம்பு வழியாகத் திரும்பும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தீர்கள். பேருந்துக்குக் காத்திருந்தபோதுதான் கேட்டீர்கள். "நீ எத்தின வருசமாப் படிப்பிக்கிறாய்?"

"பதினெட்டு."

"பாவம் அதுகள்" என்றீர்கள்.

அந்த வருடம் போடியார் தன்னுடைய மற்ற இயந்திரத்தையும் அனுப்பவில்லை. யார் யாரிடமோ எருமை கேட்டு, பிந்தி உழுது, பிந்தி விதைத்தீர்கள். மூன்றாவது முறையும் பாதி போனது. நான் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சொன்னேன்: அத்தான் ஒரு மணித்தியாலம் அங்கே போய்ச் சும்மா நின்றிருந்தால் இவ்வளவும் தப்பியிருக்குமே என்று. நீங்கள் சுளகைக் கீழே வைக்காமல், "ஓம், தப்பியிருக்கும்" என்றீர்கள். என் கணக்கு சரி என்று ஒப்புக்கொண்டீர்கள். சரியான கணக்குக்கு இவ்வளவு குறைந்த புள்ளி போட்ட ஆசிரியரை நான் கண்டதில்லை.

அதே இயந்திரத்தை மறுவருடம் அந்தோனி பாஸ் வாங்கினார். போடியார் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தார் என்று கேள்வி. கொழும்பிலிருந்து ஒரு எஞ்சின் வந்தது. அவர் சொன்னது உண்மையாகிவிட்டது. புரட்டாதி பிறந்ததும் அது புகை கக்கிக்கொண்டு உங்கள் வயலில் இறங்கியது. அந்தோனி பாஸ் இறங்கி வந்து, உங்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி, கூலியை உங்களோடு பேசினார். நீங்கள் கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாளி ஆயத்தமாக வைத்திருந்தீர்கள். அன்றைக்கு வயலில் நின்ற எல்லோருடனும் சிரித்துப் பேசினீர்கள், என்னோடும்தான். ஆனால் எனக்குத் தெரியும், அந்தப் பார்வையை நீங்கள் திரும்பப் பெறவில்லை. போடியார் மேல் நீங்கள் காட்டிய இளக்காரத்தை ஊர் பல வருடம் சொல்லிச் சிரித்தது. என்மேல் காட்டியதை எவரும் காணவில்லை. அதனால் அதை நான் தனியாகவே வைத்திருக்க வேண்டியதாயிற்று.

போன மாதம் உங்கள் மகளோடு, வயலை அவளுடைய பேருக்கு மாற்றும் வேலையாக அரசாங்கக் கச்சேரிக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை உயர்த்தாமலே கேட்டார்: "ஆம்பிளையள் ஒருத்தரும் வரல்லையா?"

அத்தான் வெளியே வாங்கில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். 'இருக்கிறார், கூப்பிடுறன்' என்ற சொல் என் வாயில் பாதி வந்துவிட்டது அக்கா. முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகும் முதலில் வருவது அதுதான்.

அதை விழுங்கினேன். "காணி பொம்புளயிர பேரில தம்பி. வந்திருக்கிறதும் பொம்புளயள்தான். எழுதுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். உங்கள் மகள் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். நீங்கள் அங்கே நின்றிருந்தால், இந்தச் சின்னப் பேச்சைப் பேசவா இத்தனை வருடம் என்று உதட்டைச் சுழித்திருப்பீர்கள்.