கண்ணாடிக்கு மேல் ஓர் ஆணி

மார்ச் 3

என் டாக்டர் மகனுக்கு,

இங்கே நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். குண்டு விழுகிற இடத்தில் இருப்பவனிடம் வேறென்ன கேட்பது?

யூனிஃபார்மில் நீ எடுத்து அனுப்பிய படத்தைச் சலூனில் பெரிய கண்ணாடிக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டேன். முடிவெட்ட வருகிறவன் தலையை நிமிர்த்தினால் நீதான். "பத்தாம் நம்பர் சட்டை போட்டுப் பந்து ஆடி, பரீட்சையிலயும் பத்துக்குப் பத்து வாங்கின பய, இப்ப பட்டாளத்து டாக்டர்!" என்று அளந்துகொண்டே நேற்று ஒருவருக்கு மீசையில் பாதியை எடுத்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

உன் டீமில் இடது காலால் மட்டுமே அடிப்பானே, அந்த லெஃப்ட்டும் பட்டாளத்துக்குக் கிளம்பிவிட்டான். "வலது காலாலயும் அடிடா" என்று நீ கத்துவாயே, "அது பஸ் ஏறத்தான் கேப்டன்" என்பானே, அவனேதான். அவன் அம்மா அழுதார். "என் பையன் இருக்கிற பக்கம்தானே போறான்? ஒரு கீறல் விழாது, நான் கேரண்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

உன் அப்பா

ஜூலை 19

அன்புள்ள அப்பா,

லெஃப்ட்டை என் கூடாரத்துக்குத்தான் தூக்கிவந்தார்கள். இடது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டேன். உயிர் தப்பிவிட்டது.

வெளியே இன்னும் ஆட்கள் வரிசையாகக் கிடந்தார்கள். நான் தூங்கி எத்தனை நாளோ. தூங்கியெழுந்த டாக்டர் ஒருவன் அந்தக் காலையும் காப்பாற்றியிருப்பானோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. லெஃப்ட்டுக்கு மயக்கம் தெளிந்தபோது நான் கட்டில் பக்கமே போகவில்லை. விஷயத்தைச் சொல்ல வேறு டாக்டரை அனுப்பினேன்.

சண்டை முடிந்தாலும் நம் தெருவுக்கு வருவதாக இல்லை. அவன் வீட்டில் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன்

நவம்பர் 8

டேய் கண்ணா,

சண்டை ஓய்ந்து எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். உனக்குப் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. லெஃப்ட் வீட்டில் நான் சொல்லவே இல்லை. "சின்னக் காயம்தான்" என்றேன். கேரண்டி கொடுத்த வாய் வேறென்ன சொல்லும்? போன வாரம் அவன் கக்கத்துக் கட்டைகளை ஊன்றி பஸ்ஸிலிருந்து இறங்கியபோதுதான் அவன் அம்மாவுக்கே தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றே உன் படத்தைக் கழற்றி, துண்டு வைக்கும் டிராயரில் போட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையை ஒளித்து வைத்தவன் நான். எழுதவே கை கூசுகிறது.

நேற்று அவன் ஷேவ் பண்ண வந்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் மேலே பார்த்தான்.

"ஆணி மட்டும் இருக்கு. கேப்டன் எங்க மாமா?"

"கண்ணாடி துடைக்கக் கழட்டினேன்பா."

"துடைச்ச மாதிரி தெரியலையே."

நுரையெல்லாம் என் கையிலேயே காய்ந்துவிட்டது. டிராயரைத் திறந்து எடுத்து மாட்டினேன், கோணலாக. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனி வலது காலாலதான் அடிக்கணும். கேப்டன் ஜெயிச்சுட்டான்னு எழுதுங்க."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"கால் போனதுக்கு அவன் மேல கோபமான்னு எனக்கே தெரியல மாமா. ஆனா நான் கண்ணு முழிச்சப்ப வேற ஆளை அனுப்பினான் பாருங்க, அதுக்குக் கோபம்தான். நேர்ல வந்து திட்டு வாங்கிக்கச் சொல்லுங்க."

அதனால் வாடா. முகத்துக்கு முகம் பார்க்கக் கூச்சமாக இருந்தால், அவனை நாற்காலியில் உட்கார வைக்கிறேன், நீ பின்னால் நில். முதலில் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் அவனும் நேற்று அப்படித்தான் சமாளித்தோம்.

வாயால் கெட்ட
உன் அப்பா

நவம்பர் 21

அன்புள்ள அப்பா,

வெள்ளிக்கிழமை வருகிறேன். படத்தைக் கழற்றிவிடுங்கள், ஆளே வருகிறேன். கண்ணாடியை இந்தத் தடவையாவது நிஜமாகவே துடைத்து வையுங்கள்.

உங்கள் மகன்