நாலு வரைக்கும் எண்ணாதவனுக்கு

உன் டிரம் பையை இன்று காலையில் திறந்தேன். பெடலுக்கு ஒரு ஸ்பிரிங் வேண்டியிருந்தது, அதற்காகத்தான். பாசம் பொங்கியெல்லாம் இல்லை. ஜிப்பை இழுத்ததும் நீலகிரித் தைல நெடி மூஞ்சியில் அடித்தது. ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால் மணிக்கட்டில் பாதி பாட்டிலைக் கவிழ்த்துத் தேய்ப்பாயே, அதே நெடி. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் தைலம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. செத்த பிறகாவது ஒரு மனுஷன் அடங்கி இருக்க வேண்டாமா?

போன வாரம் திருப்பதியில் உன்னால் எங்கள் மானம் போகப் பார்த்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

உன் இடத்துக்கு லாவண்யா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். திருப்பதிக்காரி, வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். டிரம்ஸை முறையாகக் கற்றுக்கொண்டு பரீட்சையெல்லாம் எழுதியவள். பாட்டு தொடங்குமுன் குச்சிகளைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவாள். உலகத்தில் எல்லா டிரம்மரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். நீ ஒருத்தன்தான் ரெண்டோடு நிறுத்திவிட்டுப் பாய்வாய். கேட்டால், "நாலு எண்ணி முடிக்கறதுக்குள்ள ஜனம் ஊட்டுக்குப் பூடும்டா" என்பாய்.

இத்தனை வருஷம் உன்னோடு குப்பை கொட்டியதில் எங்கள் கையும் கெட்டுப்போய்விட்டது. பாட்டும் கிட்டாரும் முனிரத்னத்துக்கு, பேஸ் கிட்டார் எனக்கு. ரெண்டு என்ற சத்தம் காதில் விழுந்ததும் இரண்டு பேருமே கிளம்பிவிடுகிறோம். அவள் மூன்று சொல்லும்போது நாங்கள் பாட்டுக்குள் இருக்கிறோம். புத்தூரில் மாங்காய்க் கூடை அடுக்கும் அதே ஷெட்டில்தான் இப்போதும் பயிற்சி. தினமும் இதே கூத்து. அவள் குச்சியை மடியில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை நீ வாங்கியிருக்க வேண்டும்.

உனக்குப் பிறவியிலேயே அந்த அவசரம். சித்தூரில் உங்கள் சபையில் நீ வாசித்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் பார்த்திருக்கிறேன். கீர்த்தனையின் கடைசி அடியை நீ முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். முன் வரிசைக் கிழவிகள் அதற்கு முந்தின அடியில் இழுத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பாதிரி ஐயர் ஒரு நாள் பிரசங்க மேடையிலிருந்தே சொன்னார்: "தம்பி, முடிச்சிட்டீன்னா நீ ஊட்டுக்குப் போப்பா. சபை பின்னால பாடிக்கினு வரும்." சபையே சிரித்தது. நீயும் சிரித்தாய். அடுத்த பாட்டை இன்னும் வேகமாக எடுத்தாய்.

ஆனால் அந்த அவசரம் மேடையில் என்ன செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'மாங்கொட்டை' என்று ஒரு ராக் பேண்டா என்று கேலி செய்த ஊரே, புத்தூர்ச் சந்தைத் திடலில் லாரியின் மேல் நாம் வாசித்தபோது குதித்தது. காய்கறிக்காரர்கள் தராசை விட்டுவிட்டுக் குதித்தார்கள். உன் அடியில் லாரியே ஆடியது. டிரைவர் கீழேயிருந்து, "யோவ், சக்கரத்துக்குக் கட்ட வெச்சிகீறேன், அதுவும் நவுருது, கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லு" என்று என் காலைச் சுரண்டினார். எந்தக் காலை? வலது காலை. இடது கால் உன் பெரிய டிரம்மில் அல்லவா இருந்தது. நீ மிதிக்கிற மிதியில் அது முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஷோ முழுக்க நான் ஒரு காலை அதில் முட்டுக் கொடுத்துக்கொண்டே வாசிக்க வேண்டும். "கால்ல முள்ளு வெச்ச டிரம் வாங்குடா, தரையில குத்திக்கும், நவுராது" என்று எத்தனை தடவை சொன்னேன். "நீ கீறியே, எதுக்கு முள்ளு?" என்றாய். உனக்கு எல்லாமே விளையாட்டு.

டெங்குவும் உனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து, இன்னும் ரெண்டு நாள் எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் உன் அம்மா முன்னாலேயே சொன்னாராம். அம்மா என்னிடம் பிறகு அழுதுகொண்டே சொன்னார்கள்: "காச்சல்தான் உட்டுப்போச்சே, ப்ராக்டீஸ் முடிச்சிட்டு வந்துர்றேன்னு பூட்டான் நைனா. நான் கஞ்சி ஆத்திக்கினு இருந்தேன்." நீ ஷெட்டுக்கு வந்தாய், தைலத்தைத் தேய்த்தாய், வழக்கம்போல ரெண்டில் பாய்ந்தாய். பாட்டு பாதியில் இருக்கும்போது உன் கையிலிருந்து குச்சி விழுந்தது. பிறகு நாங்கள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அந்த ரெண்டு நாளை எண்ணித் தொலைத்திருக்கக் கூடாதா? உன் மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

சரி, திருப்பதிக்கு வருகிறேன். நீ இல்லாமல் எங்களுக்கு முதல் பெரிய மேடை. ஒரு காலேஜ் மைதானம், சாயங்காலம், கண்ணுக்கு எட்டிய வரை பிள்ளைகள். இது சரியாக வராவிட்டால் பேண்டை மூடிவிடலாம் என்று முனி வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். நாலு எண்ணும் வரை கையை அசைப்பதில்லை என்று லாவண்யாவிடம் இருவரும் சத்தியம் பண்ணியிருந்தோம். அவள் குச்சியைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான், நானும் முனியும் பாட்டுக்குள் இருந்தோம்.

முதல் சரணம் முடியும் இடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்க வேண்டும், முனி மட்டும் ஒரு வரி கத்த வேண்டும். நாங்கள் நின்றோம். அவளுடைய டிரம்ஸ் இன்னும் ரெண்டு அடி தனியாக ஓடிப் போய் நின்றது. மைதானமே கொல்லென்று சிரித்தது. "மைக் டெஸ்டிங் அயிப்போயிந்தி, இப்புடு அசலு பாட்டா" என்று, இனிமேல்தான் நிஜப் பாட்டு என்பதுபோல, முனி அசடு வழியச் சமாளித்தான்.

லாவண்யா முன்னால் குனிந்தாள். சத்தம் போடவில்லை. "ஏமண்ணா, நீங்க என்கூட வாசிக்கிறீங்களா, அவருகூடவா? அவருகூடன்னா சொல்லிடுங்க. நான் ஊட்டுக்குப் போய்க்கினே இருக்கறேன்."

முனி செருப்பைப் பார்த்தான். அவள் எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அப்போது அவள் கண் என் இடது காலுக்குப் போனது. அது அவளுடைய பெரிய டிரம்மில் முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. "காலை எடுங்கண்ணா, என்னுது முள்ளு வெச்ச டிரம்மு, எங்கயும் ஓடாது" என்று அவளும் பல தடவை சொல்லிவிட்டாள். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்தாள்.

"சரி. ரெண்டுலயே எடுங்க. நான் நாலு எண்ணிட்டுதான் வருவேன். நிறுத்தற எடத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுபடி அதே பாட்டு. கிட்டாரும் பேஸும் மொட்டையாகக் கிளம்பின, டிரம்ஸ் கொஞ்சம் பின்னால் வந்து விழுந்தது, பிள்ளைகள் ஒரே நேரத்தில் எகிறினார்கள். நிறுத்துகிற இடத்தில் மூன்று பேரும் ஒன்றாக நின்றோம். கடைசிப் பாட்டு வரை மைதானத்தில் புழுதி அடங்கவில்லை. ஏற்பாடு செய்த பையன் ஓடி வந்து, "அண்ணா, ஆ ஸ்டார்ட் சூப்பர் அண்ணா, எவரு ஐடியா?" என்று கேட்டான். யார் ஐடியாவாம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

இனி எல்லாப் பாட்டுக்கும் அதுதான் ஆரம்பம் என்று லாவண்யாவே சொல்லிவிட்டாள். காலை எடுக்கச் சொல்வதையும் விட்டுவிட்டாள். முள் வைத்த டிரம், தள்ளினாலும் நகராது; சனியன் பிடித்த கால் இன்னும் அதில்தான் போய் நிற்கிறது. அவள் ரெண்டு என்றதும் நானும் முனியும் பாய்கிறோம். எங்களோடு நீயும் வந்துவிட்டாய் என்று கால் ஒவ்வொரு முறையும் நம்புகிறது. மூன்று, நான்கு என்று அவள் எண்ணி முடிக்கிற வரை என் பாதத்தில் ஒன்றும் அதிர்வதில்லை.